இருளம்மாளின் உப்பில்லாச் சோறு

இருளம்மாளைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் என் மனைவி ஏசம்மாள் சிரித்தாள். "மம்சாபுரத்துக் காட்டுல களையெடுக்கிற பொம்பளையப் பத்தி எழுத என்ன இருக்கு? பெரிய மனுசங்க ஒருத்தரும் ஒங்க கண்ணுல படலியா?" என்றாள். படாமல் என்ன! ஸ்ரீவில்லிபுத்தூரில் இருபத்தைந்து வருஷமாக மருந்துச்சாலைக் கம்பவுண்டராக இருக்கிறேன். ஜமீன்தார் வீட்டுக்கும் வக்கீல் வீட்டுக்கும் இந்தக் கையால்தான் பேதி உப்பு கலந்து கொடுத்திருக்கிறேன். அவர்களில் ஒருவரைப் பார்த்தும் எனக்கு வாய் பிளந்ததில்லை. இருளம்மாளைப் பார்த்துப் பிளந்தது. இன்றைக்கு 1944, பதினாறு வருஷம் ஆகியும் அந்த வாய் முழுக்க மூடவில்லை.

1928ஆம் வருஷம் மாசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை அவள் முதன்முதலாக வந்தாள். முப்பது வயதிருக்கும். கறுத்து, எலும்பு தெரிய, கையில் ஒரு காலிப் பாட்டிலோடு நின்றாள். பின்னால் அவள் புருஷன் மலைச்சாமி, சுவரில் சாயாமல், இரண்டு கையையும் தொடையோடு ஒட்டி வைத்துக்கொண்டு நின்றார். பட்டாளத்துக்காரர் என்று பார்த்த உடனே தெரிந்தது. கண் இரண்டும் சிவந்து, உள்ளே போயிருந்தன.

டாக்டர் வேதசிரோமணி விசாரித்தபோது அவள்தான் பதில் சொன்னாள். மலைச்சாமி முதல் மகாயுத்தத்தில் மெசப்பட்டோமியாவில் கோவேறு கழுதைப் படையில் இருந்தவர். ஒரு ராத்திரி ஆற்றங்கரையில் காவல் முறை அவருக்கு. மூன்று நாள் நடந்த களைப்பு; செத்த நேரம் கண் அசந்துவிட்டார். விழித்தபோது அவர் காவல் காத்த கூடாரத்தில் இரண்டு பேர் கழுத்தறுபட்டுக் கிடந்தார்களாம். அவர் தூங்கியது வேறு யாருக்கும் தெரியாது. அதனால் தண்டனை கிடைக்கவில்லை.

"யாரும் தண்டிக்கலன்னு தன்னையே தண்டிச்சுக்கிடுதாக அய்யா. ஊருக்கு வந்து எட்டு வருசமாச்சு. ஒரு மணி நேரம் சேந்தாப்புல அவிய தூங்கி நான் பாக்கல," என்றாள் இருளம்மாள்.

அதுவரைக்கும் அவள் சும்மா இருக்கவில்லை. வைத்தியர் சொன்னபடி சங்கு பற்பத்தை நெய்யில் குழைத்துக் கொடுத்திருக்கிறாள். இந்துப்பு போட்ட வெந்நீரில் தினமும் அவர் காலை ஊற வைத்திருக்கிறாள். அவள் பிறந்த ஊர் கூமாப்பட்டி. அங்கே மலையடி ஓடையில் ஒரு சாம்பல் நிறக் களிமண் உண்டு. அதைக் குழைத்து நெற்றியில் அப்பினால் மண்டைக்கொதி அடங்கும் என்பார்கள். அந்த மண்ணுக்காக மாதம் ஒரு முறை மம்சாபுரத்திலிருந்து ஒரு பகல் முழுக்க நடந்து போய், மறுநாள் தலையில் கூடையோடு நடந்து திரும்புவாளாம். அந்த மண் ஒன்றுக்குத்தான் கொஞ்சம் பலன் இருந்தது. அரை மணி, முக்கால் மணி கண் மூடுவாராம். முக்கால் மணித் தூக்கத்துக்கு இரண்டு நாள் நடை! கேட்டுக்கொண்டே மருந்தை எடை போட்டவன் தராசுத் தட்டைப் பார்க்க மறந்துவிட்டேன்.

டாக்டர் எழுதிக் கொடுத்தது தூக்கத்துக்கான புரோமைடு மிக்சர். புரோமைடும் மண்ணுக்குள்ளிருந்து வருவதுதான். எங்கேயோ சீமையில் உப்புப் பாறையிலிருந்து எடுக்கிறார்கள் என்று டாக்டர் சொல்வார். வெள்ளை வெளேரென்று இருக்கும். நாக்கில் வைத்தால் நம் வீட்டு உப்புப் போலவே கரிக்கும். அதைத் தண்ணீரில் கரைத்து, நிறத்துக்கும் ருசிக்கும் கொஞ்சம் சேர்த்து, அவள் கொண்டுவந்த பாட்டிலில் ஊற்றினேன். பாட்டிலின் பக்கத்தில் ஒரு காகிதத் துண்டை ஒட்டி, அதில் கத்தரிக்கோலால் வெட்டுகள் போட்டேன். ஒரு வெட்டு ஒரு வேளை. எழுத்துத் தெரியாதவர்களுக்கு அதுதான் அளவு.

அப்போது அவள் ஒரு கேள்வி கேட்டாள். "பத்தியம் என்னய்யா?"

இந்த இடத்தில் என் யோக்கியதையை நான் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்தில் பத்தியம் இல்லாத மருந்தை யாரும் மருந்தாகவே மதிக்க மாட்டார்கள். "பத்தியம் ஒண்ணும் கிடையாது, வழக்கம்போலச் சாப்பிடு" என்று சொன்னால், "இது என்ன தண்ணி மருந்து!" என்று வாசல் தாண்டியதும் சாக்கடையில் ஊற்றிவிட்டுப் போவார்கள். என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். அதனால் நான் ஒரு தந்திரம் வைத்திருந்தேன். இருமல் மருந்தோ, காய்ச்சல் மருந்தோ, எது கொடுத்தாலும் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, "உப்பைத் தள்ளு, புளியைத் தள்ளு, அப்பத்தான் மருந்து பிடிக்கும்" என்பேன். உடனே மருந்துக்கு ஒரு மரியாதை வந்துவிடும். இரண்டு நாள் தள்ளுவார்கள், மூன்றாம் நாள் கருவாட்டு வாசனை பிடித்ததும் மறந்துவிடுவார்கள். ஒன்பது வருஷமாக யாருக்கும் ஒரு கெடுதலும் வந்ததில்லை. டாக்டருக்குத் தெரிந்தால் திட்டுவார் என்பதால் அவர் காதில் விழாமல் சொல்வேன்.

இருளம்மாளிடமும் அதையேதான் சொன்னேன். அவள் பாட்டிலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள்.

முதல் மாதம் எல்லாம் நன்றாகப் போனது. செவ்வாயும் வெள்ளியும் ஐந்து கல் நடந்து வந்து மருந்து வாங்கிப் போனாள். "மூணு மணி நேரம் தூங்கினாக அய்யா," என்றாள் ஒரு நாள். இன்னொரு நாள், "கொறட்டை விட்டாக!" என்று சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். புருஷன் குறட்டையைக் கேட்டு இவ்வளவு சந்தோஷப்பட்ட பெண்ணை நான் பார்த்ததில்லை. எனக்கும் தலைகால் தெரியவில்லை. மருந்தைக் கண்டுபிடித்ததே நான்தான் என்பதுபோல நடந்துகொண்டேன்.

இரண்டாம் மாதக் கடைசியில் மலைச்சாமிக்கு நாக்குக் குழறத் தொடங்கியது. நடை தள்ளாடியது. முகம் முழுக்கக் கொப்புளம் கொப்புளமாகப் பரு கிளம்பியது. மூன்றாம் மாதம், பகலிலும் அரைக்கண்ணோடு உட்கார்ந்திருந்தார். சோற்றை வாயில் வைத்தால் விழுங்க மறந்தார். சுவரைப் பார்த்து மெசப்பட்டோமியாவில் செத்தவர்களிடம் பேசினார். ஒரு நாள் இருளம்மாளைப் பார்த்து, "நீ யாரு?" என்று கேட்டுவிட்டார்.

எனக்குச் சந்தேகம் அவள் மேல் வந்தது. சீக்கிரம் குணமாகட்டும் என்று இரண்டு வேளை மருந்தை ஒரே வேளையில் ஊற்றியிருப்பாள் என்று நினைத்தேன். பத்துப் பேர் முன்னால் கேட்டும்விட்டேன். "எத்தனை கோடு ஊத்தினே? உண்மையைச் சொல்லு."

அவள் பாட்டிலை மடியிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தாள். மருந்து சரியாக அந்த வேளை வெட்டில் நின்றது. "கோட்டுக்கு மேல ஒரு சொட்டு போயிருந்தா இந்தக் கை வெளங்காமப் போகட்டும். எண்ணிப் பாருங்கய்யா. நீங்க படிச்சவுக," என்றாள். எண்ணிப் பார்த்தேன். தேதிக்கும் வெட்டுக்கும் ஒரு மயிரிழை கூடப் பிசகவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டிய இடம். நானோ அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

டாக்டர் பார்த்துவிட்டு, யுத்தத்தில் மனம் அடிபட்டது இப்போதுதான் முற்றியிருக்கிறது என்றார். மதராஸில் உள்ள பைத்திய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதித் தருவதாகவும், போகும்வரை மருந்தை நிறுத்த வேண்டாம் என்றும் சொன்னார். மலைச்சாமியின் அண்ணன் சுந்தரபாண்டியன் அதற்குள் தயாராகிவிட்டார். வெறி வந்து வழியில் ஓடினால் கட்டிப்போட ஒரு மாட்டுச் சங்கிலி கூட எடுத்து வைத்திருந்தார். அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். இருளம்மாள் என் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "அங்க போனவுக திரும்பி வருவாகளா அய்யா?" என்று கேட்டாள். எனக்குத் தெரிந்தவரை யாரும் திரும்பி வந்ததில்லை. "வருவாங்க" என்று சொன்னேன். அவள் நம்பவில்லை.

மலைச்சாமியின் தங்கை நாச்சியாரை ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் செட்டியார்பட்டியில் கொடுத்திருந்தது. அவள் மகளுக்கு வைகாசியில் கல்யாணம். அது முடிந்ததும் ரயில் ஏற்றுவது என்று ஏற்பாடு. போய்விட்டுப் பத்தாம் நாள் கடிதம் வாங்க வருவதாகச் சொல்லி, அதுவரைக்கும் சேர்த்து மருந்து வாங்கிப் போனார்கள்.

பத்தாம் நாள் காலையில் நான் களிம்பு அரைத்துக்கொண்டிருந்தேன். "சலாம் கம்பவுண்டர் சார்," என்று ஒரு குரல் கேட்டது. கொஞ்சம் குழறல் இருந்தது. ஆனால் பட்டாளத்துச் சலாம்தான். நிமிர்ந்து பார்த்தால் மலைச்சாமி, தன் காலில் தானே நிற்கிறார். முகத்துப் பருக்கள் காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தன. பின்னால் சுந்தரபாண்டியன், சங்கிலி போட்ட சாக்குப்பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் விழித்துக்கொண்டு நின்றார். எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துப் போயிற்று. பைபிளில் வாதம் குணமாகிக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு நடந்தவனைப் பார்த்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அன்றைக்கு எனக்குப் புரிந்தது.

டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்து வந்துவிட்டார். "மருந்தை நிறுத்திவிட்டாயா அம்மா?" என்று கேட்டார்.

"இல்லய்யா. நீங்க சொன்னபடி ஒரு வேளை தப்பாமக் கொடுத்தேன். கோட்டப் பாருங்க," என்று பாட்டிலை நீட்டினாள். "மாத்தினது சோறுதான். மூணு மாசமா உப்பில்லாமத்தான் ஆக்கிப் போட்டேன். ஒரு கல்லு உப்பு உள்ள போகல. செட்டியார்பட்டிக்குப் போனதும், போற மனுசன் கூடப்பிறந்தவ கையால நாலு வாய் நல்லாத் தின்னுட்டுப் போகட்டும், இனிமே என்ன பத்தியம்னு விட்டுட்டேன். ஊறுகாயும் கருவாடும் உப்புக்கண்டமுமா பத்து நாள் தின்னாக. நாலாம் நாள் என்னய அடையாளம் தெரிஞ்சுச்சு. ஏழாம் நாள் தானா எந்திரிச்சு நடந்தாக."

சொல்லிக்கொண்டே வந்தவள் நடுவில் நின்றாள். எழுத்துத் தெரியாத அந்தப் பெண் எங்கள் இருவருக்கும் முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டாள். "அப்ப... உப்ப நிறுத்தினதுதானாய்யா அவியள அப்படி ஆக்குச்சு?" என்றாள். முகத்தில் ரத்தம் இல்லை.

டாக்டர் அலமாரியிலிருந்து தடித்த புத்தகத்தை எடுத்து நின்றபடியே புரட்டினார். படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அவளிடம் நிதானமாகச் சொன்னார். நம் உடம்புக்குப் புரோமைடும் சோற்று உப்பும் ஏறக்குறைய ஒன்றுதான். சோற்றில் உப்பு வந்துகொண்டிருந்தால் புரோமைடு அன்றாடம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுநீரில் வெளியேறிவிடும். உப்பே வராவிட்டால் உடம்பு பயந்துபோய்ப் புரோமைடை விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். நாளாக நாளாக அது சேர்ந்து விஷமாகிவிடும். அதற்கு மாற்று மருந்தும் வேறு ஒன்றும் இல்லை, உப்புதான்.

அடுக்களைச் சட்டியில் கிடக்கும் உப்பு! தினம் கைப்பிடி அள்ளிப் போடுகிறோம். ஒரு மனிதனின் புத்தியை அது காவல் காத்துக்கொண்டிருந்தது என்று யார் கண்டது? மெய்யாகவே எனக்கு அழுகை வந்தது.

வந்த அழுகை டாக்டரின் அடுத்த கேள்வியில் நின்றுவிட்டது. "உப்பை நிறுத்தச் சொன்னது யார்?"

என் கை களிம்புக் கல்லிலேயே ஒட்டிக்கொண்டது. வேலை போகும் என்று மட்டும் தோன்றியது. இருளம்மாள் என்னைப் பார்த்தாள். அவளுக்கு மறக்கவில்லை, அந்தப் பார்வையிலேயே எனக்குத் தெரிந்தது. பிறகு டாக்டர் பக்கம் திரும்பினாள்.

"யாரும் சொல்லலய்யா. எங்க ஊர்ல மருந்துன்னா பத்தியம் உண்டு. நானாத்தான் இருந்தேன்."

டாக்டர் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. மருந்தை அன்றோடு நிறுத்தச் சொன்னார். கஞ்சியில் தாராளமாக உப்புப் போட்டு, நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார். தூக்கத்துக்கு அவளுடைய ஓடைக் களிமண்ணும் கால் ஊற வைக்கும் வெந்நீரும் போதும், அதில் கெடுதல் ஒன்றும் இல்லை என்றார். மதராஸ் கடிதத்தைக் கிழித்துக் கூடையில் போட்டார். அவர்கள் போனார்கள். நான் மறுபடியும் களிம்பு அரைக்கத் தொடங்கினேன்.

நான்கு நாள் தாங்கினேன். ஐந்தாம் நாள் காலையில் டாக்டர் தொப்பியைக் கழற்றுவதற்கு முன்பே உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் முகம் சிவந்தது. வேலையை விட்டு நீக்குவார் என்று நின்றேன். "புரோமைடு பாட்டில் ஒவ்வொன்றிலும் 'உப்பைக் குறைக்கக் கூடாது' என்று இனிமேல் உன் கையாலேயே எழுதி ஒட்டு. வாயாலும் சொல்லு," என்றார். "ஆனால் என்னிடம் சொல்லி என்ன பிரயோஜனம், பால்துரை? அந்த அம்மாவிடம் போய்ச் சொல்."

மூன்று வாரம் தைரியம் வரவில்லை. நான்காம் ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனை முடிந்து அப்படியே மம்சாபுரம் நடந்தேன். உச்சி வெயில். அவர்கள் வீடு தெருக்கோடியில், வேப்பமரத்தடியில் ஒற்றை அறைக் கூரைவீடு. வாசலில் கவிழ்த்துப் போட்ட உரல் ஒன்று. இருளம்மாள் உள்ளே வாசற்படியை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் உதட்டில் விரலை வைத்தாள். அறைக்குள் மலைச்சாமி நெற்றியில் களிமண் பத்தோடு மல்லாந்து கிடந்தார். மண் காய்ந்து வெடித்திருந்தது. நெஞ்சு ஏறி இறங்கியது.

"மருந்தில்லாம மூணு மணி நேரமாத் தூங்குதாக," என்று கிசுகிசுத்தாள். "புத்தி நல்லாத் தெளிஞ்சிருச்சு. நேத்து எருமைய ஓட்டிக்கிட்டுக் கம்மாய்க்குப் போய்ட்டு வந்தாக."

நான் உரலில் உட்கார்ந்து, ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்ததையெல்லாம் மறந்து, "பத்தியம் நான் சொன்னதுதானேம்மா. ஏன் டாக்டரிடம் அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"நீங்க ஒரு வார்த்தை சொன்னீக. ஆக்கிப் போட்டது இந்தக் கைதான அய்யா? மூணு மாசம், ரெண்டு வேளை. 'ஏட்டி, உப்புப் போடுட்டி'ன்னு குழந்தையாட்டம் கேப்பாக. மனசக் கல்லாக்கிக்கிட்டு இல்லைன்னேன். நானும் அவியளோட உப்பில்லாமத்தான் தின்னேன். அம்புட்டையும் ஒங்க தலையில தூக்கி வச்சுட்டு நான் சும்மா இருந்திர முடியுமா?" அவள் குரலில் கோபமே இல்லை. "நல்லது நெனச்சுத்தான் நீங்களும் சொன்னீக. விடுங்க."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். தலையைக் குனிந்துகொண்டேன். அப்போதுதான் அவள் கையைக் கவனித்தேன். தன் முன்கைத் தோலைக் கிள்ளிக்கொண்டே இருந்தாள். கிள்ளிய இடமெல்லாம் கன்றிப்போயிருந்தது. பழைய தழும்புகள் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வரிசையாக இருந்தன.

"இது என்னம்மா?"

"கண்ணு சொருகுதுல்ல," என்றாள், அது ஒன்றும் பெரிய விஷயம் இல்லை என்பதுபோல. "முழிச்சிருக்க ஆள் இருக்குன்னு தெரிஞ்சாத்தான் அவிய கண்ண மூடுவாக. நடுவுல முழிச்சுப் பாப்பாக. நான் தூங்கிட்டா எந்திரிச்சு உக்காந்துருவாக. அதான்."

"எத்தனை நாளாக?"

"வந்ததுல இருந்துதான். எட்டு வருசம். களையெடுக்கப் போற எடத்துல வரப்புல செத்த நேரம் சாஞ்சுக்கிடுவேன்."

மருந்துச்சாலை ரிஜிஸ்தரில் 'தூக்கமின்மை' என்று எழுதி, எதிரே மலைச்சாமி என்று ஒரு பெயரை மூன்று மாதம் எழுதியவன் நான். வாரம் இரண்டு தடவை பாட்டிலோடு வந்து என் எதிரில் நின்றவள் தூங்கினாளா என்று டாக்டரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவளுக்குக் கொடுக்க எங்கள் அலமாரியில் என்ன இருந்தது? அந்தச் சிறிய உடம்பைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஒரு பயமே வந்தது. கோயிலில் முழங்காலிடும்போது கூட அப்படி வந்ததில்லை.

"நீங்க படுங்கம்மா. நான் முழிச்சிருக்கேன்," என்றேன்.

"நீங்களா? வேண்டாமய்யா."

"சாயங்காலம் வரைக்கும் எனக்கு வேலை இல்லை. இந்த உரலை விட்டு எந்திரிக்க மாட்டேன்."

"நெசமாவா? பாதியில போயிர மாட்டீகளே?"

"போக மாட்டேன்."

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு முந்தானையை உதறி, வாசற்படிக்கு உட்புறம் வெறுந்தரையிலேயே சரிந்தாள். தலை தரையைத் தொட்டதைப் பார்த்தேன், அதற்குள் தூங்கியிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. கிள்ளிக்கொண்டிருந்த விரல்கள் விரிந்து கிடந்தன.

வெயில் இறங்கியது. தானியம் கொத்த வந்த கோழிகளைச் சத்தமில்லாமல் விரட்டினேன். பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி தீக்கங்கு கேட்டு வந்தாள். கையைக் காட்டித் திருப்பி அனுப்பினேன். என் கால் மரத்துப் போனது, நான் அசையவில்லை.

நாலு மணி வாக்கில் மலைச்சாமியின் கண் திறந்தது. முதலில் மனைவி கிடந்த பக்கம் பார்த்தார். அவள் தூங்குவதைக் கண்டு உடம்பு விறைத்து, எழுந்திருக்கக் கையை ஊன்றினார். அப்போது வாசலில் என்னைப் பார்த்தார்.

"ஆள் இருக்கா?" என்றார்.

"இருக்கேன். தூங்குங்க," என்றேன்.

ஊன்றிய கையை எடுத்துவிட்டு அவர் மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டார்.